எதைக் கேட்டாலும் ஆமா

அப்டேட் போட்டு முடித்ததிலிருந்து அந்த ஸ்பீக்கர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பேசும்போது அல்ல, சும்மா இருக்கும்போது.

வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள தேயிலை ஃபேக்டரி ஆபீசில் பிலோமி தனியாக உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் வருவதை அவள் குரலிலேயே படித்து, "கொழுந்து நிறுக்க வாங்க" என்று ஆட்களைக் கூப்பிடுகிற பேக்கேஜ் அது. அவளைப் பேசவைத்துத்தான் பதிவு செய்தார்கள். மூச்சை யாரும் பதிவு செய்யவில்லை. பக்கத்து அறை பெஞ்சில் மகள் டின்டு காய்ச்சலில் அனத்திக்கொண்டே தூங்கினாள். ஜீப் பிடித்துவரப் போன புருஷன் ஜோமோன் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பொழுது சாயவில்லை, ஆனாலும் ஜன்னலில் மூடுபனி அப்பியிருந்தது, ஈரச்சாக்கு வாடை அறைக்குள் ஏறியிருந்தது.

பேக்கேஜைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். 'தொடரவா?' என்று திரையில் கேட்டது பேக்கேஜ் மேனேஜர். 'ஆமா' என்று அடித்தாள். திரும்பவும் 'தொடரவா?' திரும்பவும்.

"சனியனே, எத்தன வாட்டிதான் சொல்றது!"

எதைக் கேட்டாலும் 'ஆமா' என்று தானே பதில் போடும்படி வைத்தாள். "ஆமா, ஆமா" என்று அவள் குரலில் ஸ்பீக்கர் படித்தது. மூச்சு நின்றது. அப்பாடா என்றிருந்தது.

"பிலோமி!"

வாசலில் ஜோமோனின் குரல். எழுந்தவள் அப்படியே நின்றாள். ஜீப் வந்த சத்தமே இல்லையே. மூடுபனி இறங்கிவிட்டால் எஸ்டேட்டில் முதல் கூப்பாட்டுக்கு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான்; மற்றது ஒரே ஒரு தடவைதான். இதைக் கேலி செய்கிற ஜோமோன்கூட மூன்று தடவை கூப்பிடாமல் வாசலில் கால் வைத்ததில்லை.

காத்திருந்தாள். இரண்டாவது கூப்பாடு வரவில்லை.

போன் அடித்தது.

"ஏ பிலோமி, ஜீப் கெடச்சிருச்சு. இப்பத்தான் டவுன்ல இருந்து கெளம்புறோம். புள்ளைக்கு எப்படி இருக்கு?"

போனைக் காதில் வைத்தபடியே வாசலைப் பார்த்தாள்.

"உள்ள வரட்டுமா?" வாசலில் அதே குரல்.

போனைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா," என்றது ஸ்பீக்கர், அவள் குரலில்.

"யாருகிட்ட பேசுற?" என்று போனில் ஜோமோன் கேட்டான்.

கதவு திறந்தது. யாரும் இல்லை. குளிர் மட்டும் அவளைக் கடந்து போனது. பாய்ந்து வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் கையோடு வந்துவிட்டது. அதற்குள்ளே மூச்சு.

"புள்ளைய எடுத்துக்கட்டுமா?"

பக்கத்து அறையில்.

"இல்ல!" என்று கத்தினாள்.

"ஆமா."

இரண்டும் அவள் குரல்தான்.

ஓடினாள். பெஞ்சில் கம்பளி மட்டும். இன்னும் சூடாக.

ஜன்னலுக்கு வெளியே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, டின்டுவின் சிவப்பு ஸ்வெட்டர். ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கியிருந்தாள், பெரியவர் யாரோ பிடித்துக் கூட்டிப்போவதுபோல. பக்கத்தில் பனிதான் இருந்தது.

டின்டு திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா!"

ஒரே ஒரு தடவை.