சூடு போகும் வழி

ரிச்சி தெரு இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே கூடி, ஒன்பது மணிச் சங்குக்குள் கலைந்துவிடும். சங்குக்குப் பிறகு வெளியே நிற்பவரை யாரும் பிடித்துக்கொண்டு போவதில்லை. வெயிலே பார்த்துக்கொள்ளும். அஞ்சுகம் காசிம் பாய் கடைக்குள் நுழைந்தபோது பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன.

"வந்துட்டியாம்மா. ரெண்டையும் எடுத்து வெச்சிருக்கேன், பாத்துக்கோ."

மேசைமேல் கணினிச் செயலியைக் குளிரவைக்கும் இரண்டு கூலர்கள் இருந்தன. ஒன்று ஒற்றைக் கோபுரம். நெருக்கமான அலுமினியத் தகடுகள், நான்கு செப்புக் குழாய்கள், ஒரே விசிறி. இன்னொன்று இரட்டைக் கோபுரம். ஏழு குழாய்கள், இரண்டு பெரிய விசிறிகள். கையில் தூக்கினால் செங்கல் போலக் கனத்தது.

புதிய செயலிகள் செய்யும் ஆலைகள் மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இருக்கிற பழைய செயலியைத்தான் விரட்டி வேலை வாங்க வேண்டும். பாடப்புத்தகத்தில் அதற்கு அதிவேகமூட்டல் என்று பெயர், கடைத்தெருவில் ஓவர்கிளாக். விரட்டினால் செயலி கொதிக்கும். தண்ணீரை இயந்திரத்துக்குள் ஓடவிடுவது சட்டப்படி குற்றம். குடிக்கவே அளந்துதான் வருகிறது. ஆகவே காற்றை விட்டால் வேறு கதியில்லை.

"சின்னதே போதும்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி" என்றார் காசிம் பாய். "பெருசு வெச்சா கேபினட் மூடி மாட்டாது. மெமரி மேல இடிக்கும்."

"மூடி வேணாம், கழட்டிப் போட்டுடறேன். ஒரு மெமரிய எடுத்துட்டா இடிக்காது. வெயிட்டுல போர்டு வளையாம இருக்கக் கேபினட்டப் படுக்கப் போட்டுக்கறேன்."

"எல்லாம் யோசிச்சிட்டுதான் வந்திருக்க."

அவள் ஒரு வருடமாக வேறெதையும் யோசிக்கவில்லை. சென்ற சித்திரையில் அவளிடம் இருந்தது ஒற்றைக் கோபுரம்தான். கொல்புழுக்கம் எப்போது இறங்கும் என்ற கணக்கு பாதியில் இருக்கும்போது செயலி தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. முடிவு வந்தபோது புழுக்கம் தெருவுக்குள் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கீழ்த்தளக் குளிரறைக்கு ஓடி வந்தவர்களில் இருவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்கவில்லை.

"பெருசயே கட்டுங்க பாய்" என்றாள்.

*

அஞ்சுகம் முன்பு துறைமுகத்தில் காற்றுக் கணிப்புப் பிரிவில் வேலை பார்த்தவள். அந்தப் பிரிவை இழுத்து மூடிய பிறகு, தண்டையார்பேட்டையில் தன் தெருவுக்காக மட்டும் கணிக்கிறாள். நகர அறிக்கையில் ஊர் முழுமைக்கும் ஒரே எண்தான் வரும். ஆனால் கொல்புழுக்கம் தெருத்தெருவாக இறங்குவது. கடற்காற்று நின்று, ஈரமும் சூடும் சேர்ந்து ஏறி, வியர்வை உடம்பில் காயாமல் அப்படியே நிற்கும். காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. திடமான ஆளுக்கே சில மணி நேரம்தான் தாங்கும்.

கட்டடத்துக்கு அடியில் பனிக்கட்டி அடுக்கிய குளிரறை இருந்தது. கதவை ஒருமுறை திறந்துவிட்டால் குளிர் ஆறு மணி நேரம் நிற்கும், பிறகு மறுபடி சேர ஒரு வாரம் பிடிக்கும். சீக்கிரம் திறந்தால் வேண்டிய நேரத்தில் குளிர் இருக்காது. தாமதித்தால் ஆள் இருக்கமாட்டார்கள். அதனால் தெருக்குழு பூட்டை அஞ்சுகத்தின் கணினியோடு இணைத்திருந்தது.

ஒன்பது மணிச் சங்கு ஊதியது. அஞ்சுகம் ஜன்னலைச் சாத்தி ரப்பர் பட்டையை அழுத்திவிட்டாள். வெளிக்காற்று நாற்பத்து நான்கு டிகிரி, அறைக்குள் முப்பத்தாறு. செயலியின் தலையில் சூடு கடத்தும் களிம்பு தடவி, இரட்டைக் கோபுரத்தை உட்காரவைத்து, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினாள். நண்பகல் வாக்கில் கடலோர மிதவைகளின் அளவுகள் வந்து சேர்ந்தன. ஈரம் ஒரே காலையில் எகிறியிருந்தது. வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக் கணக்கை ஓடவிட்டாள்.

எண்பத்தைந்து. எண்பத்தாறு. அங்கேயே நின்றது. கூலர் தாங்கியது.

ஆனால் எந்தக் கூலரும் சூட்டைத் தின்றுவிடுவதில்லை, செயலியிலிருந்து எடுத்து அறையில் வைக்கும், அவ்வளவுதான். மூன்று பேர் புதிதாகக் குடிவந்தது போன்ற சூடு இப்போது அறையில் சேர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அவள் ஏற்பாடு செய்திருந்தாள். சமையலறைச் சுவரில் இருந்த சூட்டுப்போக்கியின் வாயில் ஒரு வலுவான விசிறியைப் பொருத்தியிருந்தாள். அறைச்சூடு அந்தக் குழாய் வழியாக மொட்டைமாடிக்குப் போய்விடும். அந்தக் குழாய் அவளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது.

கணக்கு பாதியைத் தாண்டியபோது யாரோ கதவைத் தட்டினார்கள். தட்டல் அல்ல, அடி.

பக்கத்து வீட்டு ஜெரோம். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கா, உங்க வீட்ல சூட்டுப்போக்கி வேலை செய்யுதா? எங்களுது மடல் மூடிக்கிச்சு. தள்ளினாலும் திறக்கல. வீடு அடுப்பு மாதிரி கொதிக்குது. பாப்பா பால் குடிக்க மாட்டேங்குது, துவண்டு துவண்டு விழுது."

அஞ்சுகத்துக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. குழாயிலிருந்து திரும்பி வரும் காற்று வீட்டுக்குள் புகாமல் இருக்கத்தான் குழாய்க்கு மடல் வைத்திருக்கிறார்கள். அவளுடைய புது விசிறி தள்ளிய காற்று பக்கத்து வீட்டு மடலை அறைந்து சாத்திவிட்டது. இந்த ஒரு மணி நேரமும் ஜெரோம், செலின், அவர்களுடைய கைக்குழந்தை மூவரும் சூடு வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் இருந்திருக்கிறார்கள்.

"என்னாலதான் ஜெரோம்" என்றாள்.

அவன் எட்டிப் பார்த்தான். தரையில் படுத்திருந்த கேபினட்டையும், சுற்றும் விசிறிகளையும், குழாய் வாயில் இருந்த இன்னொரு விசிறியையும் கண்டான்.

"இதுவா? இதுக்காகவா எங்க வீட்ட அடைச்சீங்க?"

"இப்பவே எடுத்துடறேன்."

ஓடிப்போய் விசிறியைப் பிடுங்கி, தன் பக்கத்து மடலை அழுத்திச் சாத்தித் தாழிட்டாள். சுவருக்கு அப்பால் பக்கத்து மடல் டப்பென்று திறந்துகொண்ட சத்தம் கேட்டது. செலினின் குரல், "திறந்துக்கிச்சு! ஜெரோம், திறந்துக்கிச்சு!"

அவன் நகரவில்லை.

"குளிரறையத் திறங்க. குழந்தைய அங்க கொண்டுபோறேன்."

"கணக்கு இன்னும் முடியல."

"கணக்கா? எம்புள்ள கண்ணத் திறக்க மாட்டேங்குதுக்கா!"

"ஜெரோம், இப்ப திறந்தா ஆறு மணி நேரந்தான் குளிரு. புழுக்கம் எப்ப இறங்கும்னு எனக்குத் தெரியாது. இப்பவே வரலாம், ராத்திரியும் வரலாம். தப்பா திறந்துட்டா கட்டடத்துல யாருக்கும் போக்கிடம் இருக்காது. உம் புள்ளைக்கும்."

அவன் கணினியை நெருங்கினான். திரையின் மூலையில் கதவுக்கான சிவப்புப் பொத்தான் இருந்தது. அவன் கை சுட்டியின்மேல் போனது. அவள் தடுக்கவில்லை. தடுக்கத் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

"முடிய எவ்ளோ நேரமாகும்?" அவன் திரும்பாமலே கேட்டான்.

"இதே வேகத்துல ஓடினா ஒரு மணி நேரம். வேகம் குறைஞ்சா சாயங்காலம் ஆயிடும்."

அவன் கையை எடுத்தான். வெளியே போனான். கதவு திறந்தே கிடந்தது. அவள் போய்ச் சாத்தினாள். இந்தச் சூடு நடைக்கும் போகக்கூடாது. அங்கிருந்து ஜெரோம் வீட்டுக்குள்தான் போகும்.

*

மூடிய அறையில் சூடு ஏறத் தொடங்கியது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. எவ்வளவு பெரிய கூலராக இருந்தாலும் அறைக்காற்றைவிடச் செயலியைக் குளிரவைக்க முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் செயலியும் ஒரு டிகிரி ஏறியது. எண்பத்தொன்பது. தொண்ணூறு. அவள் கேபினட் அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரட்டைக் கோபுரத்திலிருந்து வந்த காற்று கன்னத்தில் சுட்டது. விரட்டப்பட்ட செயலியும் அவளும் ஒரே காற்றைத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூற்றிரண்டில் வேகத்தை ஒரு படி குறைத்தாள். எண் நின்றது. பிறகு மறுபடி மெல்ல ஏறியது. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் உடனே நனைந்தது. திரையின் எழுத்துகள் மிதப்பதுபோல் இருந்தன. இன்னொரு படி குறைக்க வேண்டும் என்று நினைத்தாள். கை எழவில்லை.

அடுத்து அவளுக்குத் தெரிந்தது நடையின் தரை. தலைக்கு அடியில் யாருடைய கையோ இருந்தது.

"அக்கா, அக்கா, இங்க பாருங்க." ஜெரோம் அவள் வாயில் தண்ணீரை விட்டான். "கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே காணோம். அதான் உள்ள வந்துட்டேன்."

"குழந்தை?"

"இப்ப பரவால்ல. ஒரு வாய் குடிச்சிச்சு."

"மிஷின்…"

"ஓடிக்கினுதான் இருக்கு." அவன் எழுந்து உள்ளே போனான். அணைத்துவிடப்போகிறான் என்று அஞ்சுகம் நினைத்தாள். அணைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது.

"தொண்ணூத்தி நாலுன்னு காட்டுதுக்கா! என்னா பண்ணணும்?"

அவள் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். "வலப்பக்கத்துல ஒரு கோடு இருக்கும் பாரு. கீழ இழு. கொஞ்சமா… கொஞ்சமா."

"இழுத்துட்டேன். தொண்ணூத்தி மூணு."

"அப்படியே பாத்துக்கினு இரு. நாலுன்னு வந்தா சொல்லு."

அவன் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தான், அவள் நடையிலிருந்து பதில் சொன்னாள். நடுநடுவே அவன் மூச்சு வாங்க வாசலுக்கு வந்து தலையை நீட்டிவிட்டு மறுபடி உள்ளே போனான். பக்கத்து வீட்டு வாசலில் செலின் குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து நின்றாள். அஞ்சுகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நின்னுடிச்சு. ஏதோ படம் வந்திருக்கு."

அஞ்சுகம் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தெருவின் வரைபடம். மணிவாரியாக நிறம் மாறிக்கொண்டே போனது. மதியம் மஞ்சள், நான்கு மணிக்கும் மஞ்சள். பொழுது சாயும்போது கடற்காற்று நின்றுவிடுகிறது. ஆறரை மணியிலிருந்து தெரு முழுக்கக் கருஞ்சிவப்பு, நள்ளிரவு வரை.

அவள் இரண்டுமுறை சரிபார்த்தாள்.

"என்னக்கா? இப்ப திறக்கலாமா?"

அவனிடம் அதைச் சொல்வதைவிடக் கடினமான வேலை எதையும் அவள் செய்ததில்லை. "இல்ல ஜெரோம். ஆறு மணிக்குத்தான். இப்ப திறந்தா ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் குளிரு தீந்துடும். அப்பதான் உச்சம்."

அவன் திரையைப் பார்த்தபடி நின்றான். முகத்திலிருந்து வியர்வை சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது. வாசலில் நின்ற செலின்தான் கேட்டாள்.

"அதுவரைக்கும் இந்தப் புள்ளைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

அஞ்சுகம் குளிரறைப் பூட்டில் திறக்கும் வேளையாக ஆறு மணியைப் பதித்து, அறிவிப்பைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, கணினியை அணைத்தாள். விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. தன் பங்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். செலின் வழி மறிக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. மூவரும் மாறி மாறித் துணியை நனைத்துக் குழந்தையின் மார்பிலும் அக்குளிலும் ஒற்றினார்கள். திறந்திருந்த மடல் வழியாக அந்த வீட்டின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தது. அஞ்சுகத்தின் வீடு சாத்தியே கிடந்தது. அதன் மடலை அவள் திறக்கவில்லை.

நான்கரை மணி வாக்கில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு செலின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

*

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. அறிவிப்பு முன்கூட்டியே போயிருந்ததால் யாரும் ஓடவில்லை. முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மாடிப்படியில் ஒருவரும் உட்காரவில்லை. ஆறரைக்கு வெளியே காற்று நின்றது. இரும்புக் கதவின் வெளிப்பக்கம் நீர்முத்துகள் கோத்துக்கொண்டு வழிந்தன.

அஞ்சுகம் ஓரமாக ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தாள். தெருக்குழுவினர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல கூலர் வாங்கினீர்கள் என்று ஒருவர் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெரோம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அடுத்த மாசமும் இதே மாதிரி வருமாக்கா?"

"வரும்."

"அப்பவும் மிஷின அந்த வேகத்துல ஓட்டணுமா?"

"ஓட்டணும். அதோட சூட்ட எங்க விடறதுன்னுதான் தெரியல. என் வீட்ல அடைச்சா நான் தாங்க மாட்டேன்னு பாத்துட்டேன்."

அவன் யோசித்தான். "நம்ம மாடியில ஆறு வீடு இருக்கு. ஆளுக்குக் கொஞ்சமா வாங்கிக்கினா?"

"ஒத்துப்பாங்களா?"

"கேட்டா ஒத்துப்பாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "எங்க வீட்லயும் கேட்டிருந்தா நானே விட்டிருப்பேன். பாப்பாவ எங்க மாமியார் வீட்ல வுட்டுட்டு வந்திருப்பேன். ஒரு வார்த்த சொல்லலியேக்கா நீங்க."

"சொல்லல" என்றாள் அஞ்சுகம். "சொல்லணும்னே தோணல ஜெரோம். சென்ட்ரலாண்ட பஸ்ஸில வரும்போதுகூடப் போர்டு வளையுமான்னுதான் யோசிச்சேன்."

அவன் எழுந்து செலின் இருந்த பக்கம் போனான். செலின் பனிச்சுவரை ஒட்டிப் பாய் விரித்து, குழந்தையை மடியில் போட்டிருந்தாள். ஜெரோம் குனிந்து அவளிடம் ஏதோ பேசினான். வெகுநேரம் அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து தூணடியைப் பார்த்தாள். முகம் இளகவில்லை. ஆனால் பாயில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.