கறுத்த மெடலைத் தேய்க்காதே!

டெலிபோன் அலறியது.

1935 மே மாதம். மன்னரின் வெள்ளி விழாவுக்காகப் பினாங்கின் ஜார்ஜ் டவுன் முழுக்கத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை கிடைக்குமா என்ற யோசனையில் இருந்த போலீஸ் சார்ஜன் தங்கராஜு, அலுப்போடு ரிசீவரை எடுத்தார்.

"பினாங்கு ஸ்ட்ரீட்லேருந்து தேனப்பன் பேசுறேன்... எங்க அம்மானைக் கொன்னுட்டாங்க..."

போயிற்று விடுமுறை!

தேனப்பனின் தாய்மாமன் மெய்யநாதன் செட்டியார் மாடி அறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு... ரத்தத்தோடு!

செட்டியாருக்கு மெடல் பைத்தியம். முடிசூட்டு விழாவுக்கு அடித்த மெடல், போர் முடிந்ததற்கு அடித்த மெடல் என்று கண்ணாடிப் பெட்டி நிறைய வைத்திருந்தார். மொத்தம் நாற்பது.

இன்று முப்பத்தொன்பதுதான் இருந்தது.

காணாமல் போனது 1914 மெடல். எம்டன் கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்ததே, அந்தக் காலையில் தத்தளித்த மாலுமிகளை இழுத்துப் போட்ட படகுக்காரர்களுக்கு வியாபாரிகள் சிலர் கூடிக் கொடுத்த மெடல். விளிம்பில் படகுக்காரனின் பெயர் பொறித்திருக்கும்.

ஒரு மணி நேரத்தில் அது கிடைத்துவிட்டது!

கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால், பழைய நாணயமும் மெடலும் விற்கும் அப்துல் காதரின் கடையில். தராசுத் தட்டிலேயே இருந்தது. நாற்பதையும் செட்டியாருக்கு விற்றவரே அவர்தான். அன்று காலை அவர் செட்டியாரோடு போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருந்தது.

மெடலின் விளிம்பில் செம்பு பல்லிளித்தது. வெள்ளி முலாம்!

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கணக்கை முடித்துவிட்டார். காதர் போலி மெடலை விற்றிருக்கிறார், செட்டியார் கண்டுபிடித்துவிட்டார், உடனே காதர் அவரை அடித்துக் கொன்று மெடலோடு ஓடிவிட்டார். நாலு மணிக்குக் கோர்ட்டு. அப்புறம்... தூக்கு!

காதர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் விற்றது சுத்த வெள்ளி என்றும், இது அதுவே இல்லை என்றும், எடை போட்டுப் பார்க்கச் செட்டியாரே கொடுத்தனுப்பினார் என்றும், தான் படியிறங்கும்போது அவர் உயிரோடு இருந்தார் என்றும் காதர் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷன் வாசலில் அவருடைய மனைவி ஆசியா பீவி நின்றாள். அழவில்லை.

"அவுக சாப்டாகளா சார்ஜன்?"

தங்கராஜு திரும்பி நடந்தார். உள்ளே வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். நாற்காலியில் முள் முளைத்த மாதிரி இருந்தது. மணி இரண்டு!

மெடலை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். எழுத்துகளின் இடுக்கில் ஏதோ வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

விபூதி!

காதர் கடையில் விபூதிக்கு என்ன வேலை? தங்கராஜு பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு ஓடினார்.

செட்டியார் வீட்டுச் சமையல்காரர் நல்லமுத்து தட்டுத் தடுமாறி ஒப்புக்கொண்டார். முந்தின நாள், வழக்கம்போல வெள்ளிச் சாமான்களை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். மெடல் பெட்டி திறந்திருந்தது. நல்ல வெள்ளி இப்படிக் கரியாய்க் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் ஒன்றை எடுத்து அதையும் தேய்த்துவிட்டாராம்!

"மொதலாளி ஓடியாந்து கத்துனாரு. பழைய மெடலை வெளக்கவே கூடாதாம், அந்தக் கறுப்புதான் அதுக்கு மதிப்பாம். அப்பறம் சன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தாரு. ராத்திரி சாப்பிடக்கூட இல்ல."

"பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"மொதலாளிகிட்ட ஒண்ணு... மருமகன்கிட்ட ஒண்ணு."

மருமகன் என்றால் தேனப்பன். செட்டியாரின் தங்கை மகன். பிள்ளை இல்லாத செட்டியாருக்கு அவன்தான் எல்லாம். மெடல்களும் இனி அவனுக்குத்தான்.

மணி மூன்று.

தங்கராஜு காதரை விலங்கோடு அழைத்துவரச் சொன்னார். செட்டியார் இறந்துகிடந்த மாடி மெடல் அறையின் கதவருகே, இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் நிறுத்தினார். தேனப்பன் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தான். காதரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தங்கராஜு முப்பத்தொன்பது மெடல்களையும் மேசையில் கொட்டினார்! நல்லமுத்துவின் கையில் விபூதித் தட்டைக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் பளபளன்னு தேய்ங்க. கோர்ட்டுக்கு அழுக்கா கொண்டுபோக முடியாது."

நல்லமுத்து ஒரு சிட்டிகை எடுத்தார். ஒரு மெடலை எடுத்தார். கட்டைவிரலை வைத்தார்.

"தேய்க்காதய்யா! பாவி, தொடாத!"

காதர்! விலங்கு கையைக் கிழிக்கப் பாய்ந்தவரை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் கண்களில் தண்ணீர்.

தங்கராஜு அவரைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை நாற்காலி மேல் இருந்தது.

தேனப்பன் ஜன்னல் வழியாகத் தோரணம் கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி தேனப்பன்... சொத்து உங்களுது. நாசமாப் போகுதேன்னு கத்துனவரு அவரு. நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"போலீஸ்காரங்க சொல்றப்ப... நான் எப்படி..."

"போலின்னு தெரிஞ்சு வித்தவரா இருந்தா அவரு எதுக்குக் கத்தணும்? இதெல்லாம் போலின்னு தெரிஞ்ச ஆளு இந்த ரூம்ல ஒருத்தர்தான்லா."

நல்லமுத்துவின் விரலுக்கு அடியில் செம்பு எட்டிப் பார்த்தது.

அடுத்ததைத் தேய்த்தார். செம்பு! அதற்கடுத்தது... செம்பு!

தேனப்பன் ஓடப் பார்த்தான். கதவுவரைகூடப் போக முடியவில்லை. அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. குதிரை ரேஸ் பைத்தியத்தில், அசல் மெடல்களை ஒவ்வொன்றாகக் கப்பலில் வரும் துரைமார்களுக்கு விற்றிருக்கிறான். அந்த இடத்தில் முலாம் பூசிப் புகை காட்டிக் கறுப்பேற்றிய போலியை வைத்திருக்கிறான். காலையில் காதர் போனதும் செட்டியார் சாவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"ஊருக்குக் கடுதாசி போடப் போறேன்னாரு. அடுத்த கப்பல்ல ஏத்திருவேன்னாரு. காரைக்குடியில எங்க ஆத்தா மூஞ்சில எப்படி முழிப்பேன்... விளக்கு கைக்கு எட்டுச்சு..."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். கேட்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் தரையில் ரத்தக்கறை இன்னும் கழுவப்படவில்லை.

விலங்கு கை மாறியது.

காதர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே மேசையருகே போனார். தங்கராஜுவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"பாய், கழுத்துக்குக் கயிறு வந்துட்டிருக்கு. உங்களுக்கு மெடலு மேலயா கவலை?"

காதர் நல்லமுத்துவை ஒரு முறை முறைத்தார்.

"தூக்கு ரெண்டு நிமிஷ வேலை சார்ஜன். போன கறுப்பு திரும்பி ஏற இருபது வருஷம் ஆகும்லா!"