இந்த மலை விற்பனைக்கு... பிணத்துடன்!

"ஆ...ஆ...ஆ...!"

அலறியது ஆண்குரல்.

கேட்டவர்கள் எல்லோரும் பெண்குரல் என்றுதான் நினைத்தார்கள். அவ்வளவு உச்சஸ்தாயி!

நியூஜெர்ஸியின் வடமேற்கு மூலை. கூஸ்பெரி ஹில் பனிச்சறுக்கு மைதானம். ஜனவரி மாதச் சனிக்கிழமை காலை.

லிஃப்ட் நாற்காலியில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அலறியவன் முகுந்த். 'ஐஸ்பெல் ரிசார்ட்ஸ்' என்ற பிரம்மாண்ட கம்பெனியின் வைஸ் பிரசிடென்ட். ஊர் ஊராகப் போய்க் குட்டி மலைகளை விலைக்கு வாங்குவது அவன் உத்தியோகம்.

பக்கத்தில் பசுபதி. மலையின் சொந்தக்காரர்களில் ஒருவர். பார்சிப்பனியில் இருபது வருடம் கம்ப்யூட்டரோடு மாரடித்துவிட்டு, ஒருநாள் வேலையை உதறிவிட்டு மலை வாங்கியவர்.

"என்ன முகுந்த்? ஹைட்னா பயமா?"

"கீழ... கீழ பாருங்க சார்!"

பசுபதி பார்த்தார்.

வெள்ளை வெளேரென்ற பனியில்... செக்கச்செவேலென்று ஒரு குளம்!

குளத்தின் ஓரத்தில் ஒரு கையுறை. ஒரு பச்சை நிறக் குரங்குக் குல்லாய்.

அமெரிக்காவில் பச்சைக் குரங்குக் குல்லாயோடு பனிச்சறுக்கு மைதானம் நடத்துகிற ஆள் ஒருவர்தான் உண்டு!

"தேவதாஸ்...!"

அவருடைய பார்ட்னர். மலையின் இன்னொரு பாதிச் சொந்தக்காரர். நாகர்கோவில்காரர்.

முகுந்த் போலீஸைக் கூப்பிட 911-ஐ அழுத்திக்கொண்டிருந்தான்.

*

கவுன்ட்டி போலீஸ் டிடெக்டிவ் ரக்ஷா காரிலிருந்து இறங்கியதுமே பிரச்னை ஆரம்பித்தது.

"நீ தமிழாம்மா?"

கேட்டது ருக்மிணி. பசுபதியின் மனைவி. இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு ஜாக்கெட், அதற்கும் மேலே ஒரு சால்வை.

"யெஸ், ஆன்ட்டி."

"எந்த ஊரு?"

"எடிசன்."

"அது இல்லம்மா, அப்பா அம்மா எந்த ஊரு?"

"ஆன்ட்டி, தேர் இஸ் ப்ளட் ஆன் த ஸ்னோ!"

"அது இருக்கட்டும். டாக்டருக்குப் படிக்கலையா?"

ரக்ஷா பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் ரிப்பனைக் கட்டப் போனாள்.

மலையைச் சுற்றிப் பார்த்தாள். மலை என்பது ஒரு மரியாதைக்குத்தான். பரங்கிமலைக்குக் கொஞ்சம் அண்ணன், அவ்வளவே! இரண்டு லிஃப்ட். ஒரு கேன்டீன். செயற்கைப் பனியைப் பீய்ச்சியடிக்கிற நாலு மெஷின்கள். அதற்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஷெட். பனியைத் தலைவாரிச் சமப்படுத்தும் ராட்சத வண்டி ஒன்று. வெர்மான்ட்டில் யாரோ கழித்துக்கட்டியதை இவர்கள் புத்தம் புதிதாக வாங்கியிருந்தார்கள்.

ரத்தம் இருக்கிறது. குல்லாய் இருக்கிறது.

பிணம்... எங்கே?

காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. அந்த வண்டி மலை முழுக்க ஓடி எல்லாவற்றையும் வாரித் தள்ளியிருந்தது. 

"யாரு ஓட்டுவா அதை?"

"தேவதாஸ்தான். இது நேத்துதான் வந்துச்சு. பழைய வண்டியையும் டெய்லி விடியக்காலைல அவன்தான் ஓட்டுவான்" என்றார் பசுபதி, கண்களைத் துடைத்தபடி.

"மேடம்... ஒரு நிமிஷம்." முகுந்த் ரக்ஷாவைத் தனியே இழுத்தான். குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு பன்னெண்டு மணிக்கு ஸேல் ஸைன் ஆகணும். ரெண்டு பார்ட்னரும் கையெழுத்துப் போடணும். தேவதாஸ் சார் முடியாதுன்னுட்டாரு. நேத்து மீட்டிங்ல ஒரே சண்டை!"

"என்ன சொன்னாங்க?"

"'என் பொணத்து மேலதான் இந்த மலைய விக்க முடியும்'னாரு தேவதாஸ்."

"பசுபதி அங்கிள்?"

"'அப்படியே ஆகட்டும்'னாரு!"

ரக்ஷாவின் புருவம் உயர்ந்தது.

"ஏன் விக்கணும்? இட்ஸ் எ க்யூட் லிட்டில் ஹில்."

கேட்டிருக்கக் கூடாது! முகுந்த் ஐபேடைத் திறந்துவிட்டான். ரத்தக் குளத்திலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு பவர்பாயின்ட்!

"இந்த மாதிரி குட்டி மலைக்கெல்லாம் க்ரோத் கிடையாது மேடம். விண்டர் வருஷா வருஷம் சுருங்குது. வானத்துலேருந்து ஸ்னோ வராது, மெஷின் வச்சு அடிக்கணும். அடிச்ச மறுநாள் மழை பெய்யும். கஸ்டமரைப் பாருங்க... நம்ம ஆளுங்க பூட்ஸ் வாடகைக்கு எடுப்பாங்க, பனில நின்னு ஃபோட்டோ எடுப்பாங்க, பார்க்கிங் லாட்ல புளியோதரை சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. இது பிசினஸா? நாங்க டேக் ஓவர் பண்ணாதான் க்ரோத்."

"வாங்கி என்ன பண்ணுவீங்க?"

"மூடிடுவோம்."

"வாட்?"

"இதை மூடினாதானே ஜனங்க எங்க பெரிய மலைக்கு சீசன் பாஸ் வாங்குவாங்க? அதைத்தான் க்ரோத்னு சொன்னேன்!"

முகுந்தின் போன் அடித்தது. அவனுடைய பாஸ். 

"சார்... ஆமா சார்... ரத்தம் சார்... இல்ல சார், பாடி இன்னும் கிடைக்கல..."

பேசப் பேச அவன் முகம் வெளுத்தது. போனை வைத்தான்.

"டீல் கேன்சல்! கொலை நடந்த மலையை எங்க கம்பெனி தொடாதாம். பிராண்டு கெட்டுப் போயிடுமாம்!"

ரக்ஷா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் பார்வை பசுபதி மேல் இருந்தது.

"பசுபதி அங்கிள், ஐ ஆம் ஸாரி. ஸ்டேஷன் வரைக்கும் வாங்க."

"என்னம்மா சொல்றே? அவன் என் உயிர் சிநேகிதன்! நான் போய்..."

"விக்கணும்னு துடிச்சது நீங்க. தடுத்தது அவர்."

பசுபதி கேன்டீன் பக்கம் கை காட்டினார்.

"எனக்காகவா விக்கிறேன்? என் பொண்டாட்டிக்காக! இந்த மலைய வாங்கின நாள்லேருந்து குளிருது குளிருதுன்னு அழறா. அவ சந்தோஷமா இருக்கணும்னுதான்... எனக்கு இந்த மலைய விட மனசே இல்லம்மா!"

கையில் விலங்கு மாட்டப்பட்டது. க்ளிக்!

கேன்டீன் வாசலில் நின்ற ருக்மிணியின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. 

காலையிலிருந்து அமைதியாக ஊர் விசாரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தில்... முதல் முறையாகப் பயம்!

ரக்ஷா அதைக் கவனித்தாள். மறுபடி அந்தச் சிவப்புக் குளத்தருகே போனாள். குனிந்தாள்.

சிவப்பின் நடுவே வண்டியின் டாங்கி மாதிரிப் பட்டைச் சக்கரங்கள் ஏறிப் போன இரண்டு தடங்கள். அந்தத் தடங்கள் மட்டும்...

மஞ்சள்!

ரத்தம் எங்கேயாவது மஞ்சளாகுமா?

லேப் வேன் வர மதியம் ஆகும். ரக்ஷா அதைவிட வேகமான லேபுக்குப் போன் போட்டாள்.

"அம்மா!"

"சாப்டியாடி?" என்றார் எடிசனிலிருந்து சாரதா.

"அம்மா, ஐ ஆம் அட் எ க்ரைம் சீன்."

"அதனால? சாப்பிடக் கூடாதா?"

"மா! ரெட்டா இருக்கிற ஒரு லிக்விட், திடீர்னு யெல்லோவா மாறுமா?"

"ஆரத்தி மாறும். மஞ்சத்தூள்ல சுண்ணாம்பு சேர்த்தா செவப்பாகும். அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா திரும்ப மஞ்சளாயிடும். ஏண்டி, யாருக்குக் கல்யாணம்?"

ரக்ஷா போனை வைத்தாள். விறுவிறுவென்று வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தாள்.

ராட்சத வண்டியின் நெற்றியில் விபூதிப் பட்டை. நடுவில் குங்குமம். வைப்பரில் ஒரு சாமந்தி மாலை. பட்டைச் சக்கரத்தின் இடுக்கில்... நசுங்கிப்போன எலுமிச்சம்பழத் தோல்!

கேன்டீனில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து சிவப்புப் பனியில் பிழிந்தாள். சொட்டு விழுந்த இடமெல்லாம் மஞ்சள் பூத்தது.

"அடப்பாவி!" என்றார் பசுபதி, விலங்கோடு.

ரக்ஷா லிஃப்ட் அறிவிப்பு மைக்கைக் கையில் எடுத்தாள். மலை முழுக்க அவள் குரல் எதிரொலித்தது.

"அட்டென்ஷன் ப்ளீஸ்! ஐஸ்பெல் கம்பெனி டீலைக் கேன்சல் பண்ணிட்டாங்க. இந்த மலை விற்பனைக்கு இல்ல. ஐ ரிப்பீட்... விற்பனைக்கு இல்ல!"



பம்ப் ஷெட் கதவு படாரென்று திறந்தது.

"அல்லேலூயா!"

இரண்டு கைகளையும் தூக்கியபடி வெளியே ஓடி வந்தார்... தேவதாஸ்! ஒரு கையில் மீன்குழம்பு டப்பா!

"டேய் படுபாவி!" பசுபதி ஓடிப் போய் விலங்குக் கையாலேயே அவரைக் கட்டிக்கொண்டார். "செத்துட்டேன்னு நெனச்சேன்டா!"

"மன்னிச்சிரு மக்கா. வேற வழி தெரியல." தேவதாஸின் பார்வை விலங்கில் விழுந்தது. முகம் மாறியது. "ஐயோ, இவனை எதுக்கும்மா பிடிச்சே? எல்லாம் நான்தான் செய்தேன். நான் ஒருத்தன் மட்டும்தான். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

ரக்ஷா விலங்கைக் கழற்றினாள். புன்னகைத்தாள்.

"ஓகே அங்கிள். ஆரத்தில என்னென்ன போட்டுக் கரைச்சீங்க?"

"அது வந்து... செவப்பு... செவப்புப் பொடி."

"எங்க வாங்கினீங்க?"

"பெயின்ட் கடைல."

"ஒரு வாளி நிறைய ஆரத்தி, பெயின்ட் கடைல?"

தேவதாஸ் மீன்குழம்பு டப்பாவைக் குனிந்து பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

ரக்ஷா திரும்பினாள்.

"ருக்மிணி ஆன்ட்டி. ஃபேமிலி ஃப்ரெண்டோட ரத்தம் கொட்டிக் கிடக்கு. நீங்க என்னை எந்த ஊருன்னு கேட்டீங்க. அப்பவே எனக்கு டவுட். சுண்ணாம்பு எங்க வாங்கினீங்க?"

ருக்மிணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஐசலின்ல. பீடாக்கடைல."

பசுபதியின் வாய் பிளந்தது.

"ருக்கு! நீயா?"

"நானேதான். தேவதாஸ் அண்ணன் நான் சொன்னதைத்தான் செஞ்சாரு. ஊத்திட்டு, கால்தடம் தெரியாம வண்டிய மேல ஓட்டிட்டுப் போய் ஷெட்ல இருங்கன்னேன். ரத்தத்தைப் பார்த்தா அந்தக் கம்பெனிக்காரன் ஓடிடுவான்னு எல்லாம் கரெக்டா ப்ளான் பண்ணேன். அந்த எலுமிச்சம்பழம் மட்டும்..."

"ஃபேக் மர்டருக்கு யாராவது வண்டிக்கு லெமன் வெப்பாங்களா, ஆன்ட்டி?"

"புது வண்டிம்மா! முதமுதல்ல எடுக்கறப்ப எலுமிச்சம்பழம் வைக்காம எப்படி? மலையேறப் போற வண்டி. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

ரக்ஷாவுக்கு இதற்கு எந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது என்று தெரியவில்லை.

"ஏன் ருக்கு?" பசுபதி அவள் பக்கம் ஓரடி வந்தார். "டெய்லி குளிருது குளிருதுன்னு அழுவியே? உனக்காகத்தானே விக்கறேன்னேன்!"

"நான் அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க? 'நீ உள்ளயே இரு, நான் ஆபீஸ் பார்த்துக்கறேன்'னு போயிடுவீங்க. மதியம் வரைக்கும் தேட மாட்டீங்க." ருக்மிணி சால்வையை எடுத்தாள். ஜாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளே... 'ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர்' என்று எழுதிய சிவப்புச் சட்டை!

"ரெண்டு வருஷமா நான் மலைமேலதான் இருக்கேன். செவ்வாய்க்கிழமை லேடீஸ் பேட்ச் நான்தான் எடுக்கறேன். அம்பது வயசுக்கு மேல முதல் தடவையா சறுக்க வர்றாளுங்க. விழுந்து எழுந்து சிரிக்கறாளுங்க. வெயிட்டிங்ல வேற நிக்கறாளுங்க. நீங்க பார்க்கற ரிப்போர்ட்ல இதெல்லாம் இருக்காது."

முகுந்த் பக்கம் திரும்பினாள்.

"ஏம்ப்பா, உன் பெரிய மலைக்கு வர்றவன் எங்க கத்துக்கிட்டு வர்றான்? இந்த மாதிரி குட்டி மலைலதானே? இதையெல்லாம் மூடிட்டா அப்புறம் உனக்கு யாரு வருவா?"

முகுந்த் ஸ்லைடுகளைப் புரட்டிப் பார்த்தான். அதற்கு ஸ்லைடு இல்லை.

"காலையில எழுந்ததுலேருந்து ஆயிரம் பேர் கூப்பிடுவாங்க. காபி, சாவி, மாத்திரை, மூக்குக்கண்ணாடி..." ருக்மிணி மலையுச்சியைப் பார்த்தாள். "மேலேருந்து கீழ இறங்கற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அதைப் போய் விக்கறேன்னா நான் சும்மா இருப்பேனா?"

பசுபதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

"செவ்வாய்க்கிழமை பேட்ச்ல... ஜென்ட்ஸைச் சேர்ப்பீங்களா, மாஸ்டர்?"

"ஃபீஸ் கட்டணும்."

ரக்ஷா தொண்டையைக் கனைத்தாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ. இப்ப நான் என்ன கேஸ் எழுதறது? 911 கூப்பிட்டது முகுந்த்..."

"கொலைன்னு நாங்க யாருமே சொல்லலையேம்மா. நான் உன்னை எந்த ஊருன்னு மட்டும்தான் கேட்டேன்."

ரக்ஷா நோட்டுப் புத்தகத்தை மூடினாள். அம்மா பேச்சைக் கேட்டு டாக்டருக்கே படித்திருக்கலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. 

பாம்... பாம்... பாம்...!

எல்லோரும் பார்க்கிங் லாட்டைப் பார்த்தார்கள். கார்கள்! மினிவேன்கள்! ரோடு முடிகிற வரைக்கும் வரிசை!

காலையில் பூட்ஸ் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவர் ரத்தக் குளத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருந்தார். எடிசன், ஐசலின், பார்சிப்பனி... எல்லா குரூப்பிலும் அதுதான். கொலை நடந்த மலையைக் குடும்பத்தோடு பார்க்க நியூஜெர்ஸி திரண்டு வந்துகொண்டிருந்தது. வந்த கையோடு, குழந்தைகள் அடம் பிடித்ததால் டிக்கெட் கவுன்ட்டரிலும் கூட்டம்!

"பூட்ஸ் தீரப் போகுது மக்கா!" என்று ஓடினார் பிணம்.

முகுந்தின் போன் மறுபடி அடித்தது. பாஸ். நியூஸில் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். முகுந்த் கேட்டான்... தலையாட்டினான்... போனைப் பொத்திக்கொண்டு ருக்மிணியிடம் ஓடி வந்தான்.

"ஆன்ட்டி! இவ்வளவு க்ரோத் எங்க எந்த மலைலயும் பார்த்ததில்லையாம். டீல் மறுபடி ஆன்! ரெட்டிப்பு விலை குடுக்கறாராம். நேர்ல பேச பாஸே ஹெலிகாப்டர்ல கிளம்பி வர்றாராம்! என்ன சொல்லட்டும்?"

ருக்மிணி நிதானமாக சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"வரட்டும்ப்பா. மஞ்சத்தூள் நிறையவே இருக்கு... இன்னொரு வாளி கரைச்சு வைக்கறேன்!"