சாப்டாச்சுன்னு சொன்னதுக்கு வரி

கொற்றைநகர்ல வசதியானவங்க யாரும் "நல்லா இருக்கேன்"னு சொல்றதில்ல. சொன்னா வரி ஏறும்.

ஒவ்வொரு கட்டடத்துலயும் வாசக்கதவுக்கு மேல ஒரு நலமானி இருக்கு. உள்ளங்கை அளவு டப்பா. சதுரடி பாத்து சொத்து வரி போடுறது அநியாயம், நல்லா இருக்கறவன் கட்டட்டும், கஷ்டப்படுறவனை விட்ருவோம்னு மாநகராட்சி கொண்டாந்தது. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. அதனால டப்பாவுக்குக் காது மட்டும்தான். நாம வாயால சொல்றத வச்சுப் புள்ளி போடும்.

மூணு மாடி வீட்டுக்காரனெல்லாம் சீக்கிரமே கத்துக்கிட்டான். "என்னத்தச் சொல்ல, ஏதோ ஓடுது"ன்னு ஒரு பெருமூச்சு. புள்ளி இறங்கும், வரியும் இறங்கும்.

மாட்டுனது ஆரோக்கியமேரி மாதிரி ஆளுங்க. ஜாக்கெட் தைச்சுப் பொழைக்கிற பொம்பள. புருஷன் இல்ல. ஓட்டு வீடு ஒண்ணுதான் சொத்து. யாராவது "சாப்டீங்களாக்கா?"ன்னு கேட்டா, அடுப்பே பத்த வைக்காத அன்னைக்கும் "ஆச்சு, இப்பத்தான்"னு சொல்லிருவாங்க. அதப் பொய்னு சொல்ல முடியுமா? மானம் அது. டப்பாவுக்கு மானம் ரோசம் எதுவும் தெரியாது. தெருவுலயே பெரிய வரி அவங்களுக்குத்தான் வந்துச்சு. கட்டலேன்னா வீடு ஏலம்.

உண்மையச் சொல்லிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. எதிர்வீட்டு பஞ்சவர்ணம் சொல்லுச்சே. "வீட்ல அரிசி இல்லக்கா"ன்னு வாசல்ல நின்னு அழுதுச்சு. புள்ளி அடிமட்டத்துக்குப் போயிருச்சு. அடிமட்டத்துக்குப் போன கட்டடம் வாழத் தகாததுன்னு ஒரு சட்டம் இருக்கு. ஆள வெளிய அனுப்பிட்டுக் கதவு தானா பூட்டிக்கிச்சு. பஞ்சவர்ணம் இப்ப பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கு.

பட்ஜெட் கூட்டத்துல பொதுமக்கள் பேசலாம்னு அறிவிச்சாங்க. ஆரோக்கியமேரி போனாங்க. கவுன்சிலருங்க எல்லாம் அப்பத்தான் மட்டன் பிரியாணி முடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. அரங்கமே மணந்துச்சு.

"சுருக்கமாச் சொல்லுங்கம்மா"ன்னாரு மேயர் வேதமூர்த்தி.

"வரியக் குறைங்கன்னு கேக்க வரல. அந்த டப்பாவக் கழட்டுங்க."

"டப்பா என்னம்மா பண்ணுச்சு? நீங்க சொன்னதத்தானே அது எழுதுது. சாப்டாச்சு சாப்டாச்சுன்னு நாங்களா சொன்னோம்?"

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்"னு ஒரு கவுன்சிலர் சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க.

ஆரோக்கியமேரிக்கு காதெல்லாம் சுட்டுச்சு. கத்தணும்போல இருந்துச்சு. கத்தல. "சரிங்க தலைவரே, நீங்க சாப்டீங்களா?"ன்னு கேட்டாங்க.

மேயர் கண்ணு மன்றக் கதவுக்கு மேல இருந்த டப்பாவுக்குப் போச்சு. பழகின வாயி தானாச் சொல்லுச்சு. "எங்கம்மா, அதுக்கெல்லாம் எங்க நேரம்."

"நீங்க தம்பி?" சிரிச்ச கவுன்சிலரப் பாத்துக் கேட்டாங்க.

"நம்ம பொழப்புக்கு சோறு ஒண்ணுதான் கேடு."

"நீங்கம்மா?"

"ஏதோ உசுரு இருக்குக்கா."

வரிசையா ஒருத்தர விடாமக் கேட்டாங்க. அத்தன பேரும் அதே பாட்டு. வீட்டுல ஒருத்தர் ரெண்டு பேரு பெருமூச்சு விட்டாத் தாங்கும். இங்க மன்றமே விட்டுச்சு. கதவு மேல டப்பா செவந்துச்சு.

"இக்கட்டடம் வாழத் தகாதது. அனைவரும் வெளியேறவும்."

லைட்டு போச்சு, ஏசி போச்சு. எல்லாரும் வெயிலுக்கு ஓடி வந்ததும் கதவு பூட்டிக்கிச்சு.

தொறக்க என்ன வழின்னு மேயர் கேட்டாரு. மாநகராட்சி ஆணையர் தொண்டையச் செருமிட்டுச் சொன்னாரு. "யாராச்சும் கதவுகிட்ட போய் நல்லா இருக்கோம்னு சொல்லணுங்கய்யா. ஆனா மன்றத்துக்கு வரி கிடையாதுல்ல, யாரு குரலோ அவங்க வீட்டு வரியில அது ஏறிரும்."

"நீங்க சொல்லுங்க தலைவரே, நீங்கதான பெரியவரு"ன்னாரு சிரிச்ச கவுன்சிலர்.

"ஏன், உனக்கு வாயில்லையா?"

டப்பாவையே எடுத்துரலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அதுக்குத் தீர்மானத்த மன்றத்துக்குள்ள வச்சுத்தான் போடணும், அதுவும் நாம வச்ச சட்டம்தான்னாரு ஆணையர்.

கடைசியில மேயர் வேர்வையத் தொடைச்சிட்டு ஆரோக்கியமேரி பக்கம் திரும்புனாரு. "அம்மா, நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

அந்த அம்மா டப்பாவ நிமிந்து பாத்தாங்க. வாயில அந்த வார்த்தைதான் வந்துச்சு, எத்தனையோ வருசப் பழக்கம். முழுங்கிட்டாங்க.

"நான் இன்னும் சாப்டலைங்க."

பொறந்ததுலருந்து நாலு பேரு முன்னாடி அவங்க அதச் சொன்னதில்ல. "நேத்தும் சாப்டல. பஞ்சவர்ணம் வெளிய நிக்கிற மாதிரி நீங்களும் கொஞ்சம் நில்லுங்க"ன்னுட்டு நடந்துட்டாங்க.

ரோட்டுல இளநி வண்டி தள்ளிட்டுப் போனவரு நின்னாரு. "என்ன சார், எல்லாரும் வெயில்ல நிக்கிறீங்க? நல்லாத்தானே இருக்கீங்க?"

அத்தன பேரும் கதவு மேல பாத்தாங்க. ஒருத்தர் வாயும் தொறக்கல.