பெரட்டில் சர்மிளாவின் பெயர்

ஒன்பதாவது ஓவியம் மட்டும் காயவே இல்லை. காலையிலிருந்து மூன்று முறை, கண்காட்சிக்கு உதவிக்கு வந்த நிலக்ஷி அதன் கீழே தரையைத் துடைத்துவிட்டாள். ஆனாலும் டிக்கோயாவுக்கு மேலே அந்தப் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில், ஜன்னல் இடுக்கு வழியே மூட்டம் புகுந்து பலகைகளை நனைத்துக்கொண்டிருந்த நாலு மணிக்கு, மறுபடியும் ஒரு சிவப்புக் கோடு சுவரில் இறங்கி நின்றது. பச்சை மண்ணும் நசுங்கிய கொழுந்தும் கலந்த வாசனை. அவளுக்கு அது தெரிந்த வாசனைதான்.

கண்காட்சியில் பதினான்கு ஓவியங்கள். எதிலும் உருவம் கிடையாது. மண்சரிவில் போன லயத்தின், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், மண்ணைக் குழைத்துப் பூசி, ஒவ்வொன்றுக்கும் இறந்தவரோ பிழைத்தவரோ அந்த லயத்து ஆள் ஒருவரின் பெயரை வைத்திருந்தார் ஓவியர் மதுசூதனன். ஒன்பதாவது சர்மிளா. பத்தாவது நிலக்ஷி.

மண் சரிந்த அன்றைக்கு நிலக்ஷியின் தங்கை சர்மிளாவுக்குக் காய்ச்சல். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது, அன்றைய கூலிக்கான வேலைப்பெயர் போய்விடுமே என்று, கூட்டத்துக்குள் குனிந்து அக்காதான் குரல் கொடுத்தாள். எட்டு மணிக்கு மலை சரிந்தது. ஆள் வேலையில் என்று பதிந்திருந்ததால் லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவை யாரும் தோண்டவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தூரத்து மலையிலிருந்து நிலக்ஷி ஓடி வந்து கதறியபோது பொழுது சாய்ந்திருந்தது. சர்மிளாவைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. ஏன் தோண்டவில்லை என்பதை நிலக்ஷி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லப் பயம்.

"நாளைக்குத் திறப்புல பெரட்டு மாதிரியே பேர் கூப்பிடப் போறேங்க," என்றார் மதுசூதனன். "ஒத்திகைக்கு எல்லாருக்கும் நீங்களே பதில் சொல்லிருங்க."

"சர்மிளாவுக்கு மட்டும் சொல்லமாட்டேங்க."

அவர் தலையாட்டிவிட்டு மாடியின் அந்தக் கோடியில் பெயர்த் தாளை விரித்து நின்றார். எட்டுப் பெயர்களுக்கு அவள் குரல் கொடுத்தாள்.

"சர்மிளா."

நிலக்ஷி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். எங்கோ சொட்டியது. பிறகு நின்றது.

"வந்திருக்கேங்க."

சுவர்ப் பக்கமிருந்து. காய்ச்சல் குரல்.

"சொல்லமாட்டேன்னீங்களே!" குனிந்த தலை நிமிராமல் சிரித்தபடி அவர் தாளில் குறித்துக்கொண்டார். "நிலக்ஷி."

அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் மண். தொண்டையில் மண். குரல் வரவில்லை.

அவர் தாளைப் பார்த்தபடியே பேனாவோடு காத்திருந்தார்.

ஒன்பதாவது ஓவியத்தில் ஈரம் மெல்லப் பிளந்தது.

"அக்காவும் வந்திருக்காங்க."

அவர் குறித்துக்கொண்டார்.

பத்தாவது ஓவியத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு சுவரில் இறங்கத் தொடங்கியது.