வீட்டுக்கு ஃப்ரீ போதும்

கொட்டாவி டாக்டரின் குரலுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் மேசைக்கடியில் இருந்த பெடலிலிருந்து காலை எடுத்து ஒலிப்பதிவை நிறுத்தினாள். ஐந்து நொடி பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். யாரோ ஒருவரின் முழங்கால் வீக்கத்தைப் பற்றி டாக்டர் தூக்கக் கலக்கத்தோடு சொல்லிக்கொண்டு போகிறார். வாக்கியத்துக்கு ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவிகளுக்கு நடுவில், எங்கோ தள்ளி, எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் விழுவதுபோல, டக் டக், கொஞ்சம் பொறுத்து, டக். இரண்டு அவசரமாக, ஒன்று சாவகாசமாக. இந்தத் தாளம் அவளுக்கு மனப்பாடம். மூன்று வருடமாக அவளுடைய சமையலறைக் குழாய் இப்படித்தான் சொட்டுகிறது.

ஹெட்போனைக் கழற்றினாள். மத்தியான வீடு சத்தமில்லாமல் இருந்தது. பொறுக்கமாட்டாமல் காலையில்தான் அந்தக் குழாயின் வாயில் ஒரு பழைய துணியைக் கட்டிவிட்டிருந்தாள். தண்ணீர் இப்போது துணி வழியாக ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது.

ஊரில் நம் வீட்டுக் குழாய் மட்டும்தான் ஒழுகுமா என்ன, என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டு மறுபடி பெடலை மிதித்தாள். ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளை வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து தருவது அவள் வேலை. டாக்டர்களின் பெயர் அவளுக்கு வராது, குரல் மட்டும்தான் வரும். ஆகவே அவளும் இதே வேலை செய்யும் மற்ற பெண்களும் தாங்களே பெயர் வைத்திருந்தார்கள். மூச்சுவிடாமல் பேசுகிறவர் ரயில் டாக்டர். எதையாவது கடித்துக்கொண்டே பேசுகிறவர் பிஸ்கட் டாக்டர். இவர் கொட்டாவி டாக்டர்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு குறுகுறுக்கக் காரணம் இருந்தது.

நோயாளிகளின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி. வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ்தான் வைத்திருக்க வேண்டும். அதற்கென்று தனியாகப் பணமும் போன மாதமே கொடுத்துவிட்டார்கள். அவளும் ஒழுங்காகக் கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போனாள்.

"ஃப்ரீக்கும் காசுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று கேட்டாள்.

"ரெண்டும் வைரஸைப் பிடிக்கும்மா. காசு கட்டினா கூட நாலு விஷயம் பார்க்கும். யாராவது உங்க கேமராவை, மைக்கைத் திறக்கிறாங்களான்னு சொல்லும்," என்றார் கடைக்காரர். "வீட்டுல என்ன வச்சிருக்கீங்க அப்படி? வீட்டுக்கு ஃப்ரீ போதும்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. கம்பெனி கொடுத்த பணத்தில், அதே கடையில், கண்ணாடி அலமாரியில் இருந்த ஹெட்போனை வாங்கினாள். காதை முழுக்க மூடி, வெளியே கேட்கும் சத்தத்தைத் துடைத்தெடுத்துவிடும் ரகம். கம்பெனியின் படிவத்தில் 'கட்டண ஆன்டிவைரஸ் உள்ளதா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று குறித்தாள்.

அவள் துடைத்தெடுக்க நினைத்தது ஒரே ஒரு சத்தத்தைத்தான். மாமியாரின் சத்தத்தை.

பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வாய் பேச வராது, வலது பக்கம் அசையாது. தண்ணீருக்கும் வலிக்கும் பயத்துக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ம்ம்ஆ' என்று நீளமாக ஒரே முனகல். கட்டிலிலிருந்து பார்த்தால் மருமகள் தெரியட்டும் என்று கணவன் அந்த அறைவாசலுக்கு எதிரே மேசையைப் போட்டுக் கொடுத்திருந்தான். திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று சொல்லி அவள் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இப்போது கட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வருகிறவர்களெல்லாம், பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அவளைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

புது ஹெட்போனைப் போட்ட முதல் நாள் அவள் இரண்டு மணி நேரம் நிம்மதியாக வேலை செய்தாள். கழற்றித் திரும்பியபோது மாமியார் படுக்கையை நனைத்து, அது காய்ந்தும் போயிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இடது கை தண்ணீர்க் குவளையை எட்டப் பார்த்துத் தட்டிவிட்டிருந்தது. சாயங்காலம் கணவன் கேட்டபோது, "இப்பதாங்க நனைச்சாங்க, உடனே மாத்திட்டேன்," என்றாள். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டாவது பதிவு, பிஸ்கட் டாக்டருடையது. பித்தப்பைக் கல். கடித்து மெல்லும் கறுக்மொறுக். அதற்கு அடியில், டக் டக், டக். கூடவே இன்னொன்று மெல்ல எழுந்து நீண்டது. ம்ம்ஆ.

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினாள். மாமியார் வாய் மூடிக் கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மருந்தும் பவுடரும் கலந்த வாடை. போர்வை சீராக ஏறி இறங்கியது.

மறுபடி மாட்டிக்கொண்டு ஓட்டினாள். முனகல் பதிவுக்குள்தான் இருந்தது. அதைத் தொடர்ந்து தரையில் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை, பிறகு ஒரு பெண்ணின் குரல், சலிப்போடு: "வர்றேன் அத்தை, வர்றேன். உசுரை எடுக்காதீங்க."

அது அவள் குரல். நேற்று, இதே நேரம், இதே நாற்காலி.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"மேடம், இன்னிக்கு ஃபைல்ல பின்னாடி ஏதாவது சத்தம் வருதா?"

"பிஸ்கட் சத்தம் தவிர எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்று அந்த அம்மாள் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "ஏன்? உங்க பக்கம் ஏதாவது பிரச்சனையா? பழைய டீம்ல ஒரு பொண்ணு ஃப்ரீ ஆன்டிவைரஸ் வச்சுக்கிட்டு வாங்கிட்டேன்னு பொய் சொல்லியிருக்கு. எவனோ மைக்கைத் திறந்து வீட்டுல பேசினதையெல்லாம் எடுத்துட்டான். மாமனார், மாமியார் வரைக்கும் போய் சந்தி சிரிச்சுப் போச்சு. நீங்க வாங்கிட்டீங்கல்ல?"

"வாங்கிட்டேன் மேடம். அன்னிக்கே வாங்கிட்டேன்."

போனை வைத்ததும் அவமானத்தில் காது மடல் சுட்டது. பொய் சொன்னது பெரிதில்லை. வேலை போனாலும் போகட்டும், இன்னொன்று தேடிக்கொள்ளலாம். இந்த மேசையில் உட்கார்ந்து பத்து நாளைக்கு முன் அவள் அக்காவிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அது வெளியே போனால்? கணவன் காதில் விழுந்தால்? அம்மா என்றால் உருகிப்போகிறவன். அவன் முகத்தில் அதற்கப்புறம் எப்படி விழிப்பது? அந்த வார்த்தையை மனதுக்குள் நினைக்கக்கூட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

உடனே காசு கட்டி வாங்கினாள். இருப்பதிலேயே உசத்தியானது எதுவோ, அது. ஃப்ரீயை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கி, 'முழுச் சோதனை' என்பதை அமுக்கினாள். பச்சைக் கோடு ஒன்று திரையில் எறும்பாக ஊர ஆரம்பித்தது.

அது ஊரும் நேரத்தில் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்தாள். வாய் ஓரத்தில் வழிந்ததை எப்போதும் கரண்டியால் வழித்தெடுப்பவள் இன்றைக்குத் துண்டின் நுனியை நனைத்து மெதுவாகத் துடைத்தாள். தலையணையைத் திருப்பிப்போட்டாள். கால் பக்கத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். இதெல்லாம் யாருக்காகச் செய்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. மாமியார் விழுங்குவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். வாசலுக்கு அப்பால் மேசை. மேசைமேல் ஹெட்போன். மாமியாரின் பார்வை அங்கே போய், திரும்பி, மறுபடி அவள் முகத்துக்கு வந்தது.

"என்ன அத்தை? தண்ணி வேணுமா?"

மாமியார் முனகவில்லை. காலையிலிருந்தே ஒருமுறைகூட முனகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரையில் சோதனை முடிந்திருந்தது. 'அபாயங்கள்: இல்லை. உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது.' பெரிய மூச்சாக விட்டாள். அப்பாடா. காசு காசுதான். மைக் பற்றி ஏதோ சொல்லும் என்றாரே கடைக்காரர். தேடி அமுக்கினாள். இன்னொரு பெட்டி திறந்தது. 'மைக்ரோஃபோன்: இந்தக் கணினியில் இணைக்கப்படவில்லை.'

அதை இரண்டுமுறை படித்தாள்.

கம்ப்யூட்டரில் மைக்கே கிடையாது. இந்த ஹெட்போனிலும் இல்லை. மைக் வைத்தது விலை கூட என்று இதை எடுத்தாள். கேட்கத்தான் முடியும். பேச முடியாது. அப்படியானால் திருடன் வரவில்லை. யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கம்பெனிக்குத் தெரியாது, கணவனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவள் முதுகு சில்லிட்டது.

கடைசிப் பதிவு ஒன்று பாக்கி இருந்தது. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டியது. ஜன்னல் திரையைப் பாதி திறந்துவிட்டாள். வெளியே வெயில், யாரோ ஒருவன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அந்த 'புஸ் புஸ்' சத்தம் அவளுக்குத் தைரியமாக இருந்தது. அதையும் துடைத்தெடுத்துவிட்டு ஹெட்போன் காதை மூடியது.

கொட்டாவி டாக்டர்.

"நோயாளி, பெண், வயது எழுபத்தாறு. பக்கவாதம், இரண்டு ஆண்டுகள். வலது பக்கம் செயலிழப்பு. பேச்சு இல்லை."

விரல்கள் பழக்கத்தில் தட்டிக்கொண்டு போயின. எழுபத்தாறு. பக்கவாதம். இரண்டு ஆண்டுகள். எத்தனையோ பேருக்கு இருக்கும். ஊரில் எத்தனையோ பேர்.

"படுக்கையில் இரண்டு மணி நேரம் ஈரத்தோடு கிடந்திருக்கிறார். முதுகின் கீழே புண் ஆரம்பம்." கொட்டாவி. "கவனிப்பவர்: மருமகள். மருமகள் சொன்னது."

டாக்டர் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவள் குரல் வந்தது. அக்காவிடம் பேசிய குரல், கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது அதில்.

"சாகவும் மாட்டேங்குது, நம்மள வாழவும் விடமாட்டேங்குது அக்கா. ஒரு நாள் தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் விடுதலை. நானும் அதைத்தான் தினமும் வேண்டிக்கிறேன்."

விரல்கள் அதையும் தட்டிவிட்டன. திரையில் எழுத்து எழுத்தாக நின்றது. அழிக்கப் பார்த்தாள். கை வரவில்லை.

பெடலிலிருந்து காலை எடுத்தாள். பதிவு நிற்கவில்லை.

"நோயாளி சொன்னது," என்றார் டாக்டர்.

நிசப்தம். குழாய் இல்லை. முனகல் இல்லை. ஒரு மூச்சு. காதுக்கு ரொம்பப் பக்கத்தில், வயதான மூச்சு.

"அம்மாடி."

இரண்டு வருடமாகக் கேட்காத குரல். குழறல் இல்லை. கோபமும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறையிலிருந்து கூப்பிடுமே, அதே குரல்.

"அம்மாடி, நானும் அதைத்தான் வேண்டிக்கிறேன். நீ சொன்னதுல தப்பில்ல. அன்னிக்குத் தண்ணி கேட்டேன். ரொம்ப நேரம் கேட்டேன். உன் காதுல விழல. அதான் யோசிச்சேன்."

அவள் திரும்பினாள்.

அறைவாசல். கட்டில். மாமியார் தலையணையில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகக் கோணிக் கிடந்த உதடுகள் நேராக இருந்தன. அசைந்துகொண்டிருந்தன. ஹெட்போனில் ஒலிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தன.

பிடுங்கி எறிந்தாள்.

வீட்டில் சத்தமே இல்லை. வெளியே காற்றடிக்கும் புஸ் புஸ். கட்டிலில் அந்த உதடுகள் நிற்காமல், பொறுமையாக, ஓசையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தன. போர்வை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எவ்வளவு நேரமாகவோ.

"அத்தை," என்றாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "அத்தை, மன்னிச்சுக்கோங்க அத்தை."

அசையாத கை என்று எல்லோரும் கைவிட்டிருந்த வலது கை மெல்ல உயர்ந்தது. உள்ளங்கையைத் தன் காதின் மேல் வைத்துக் காட்டியது. மாட்டிக்கொள் என்று.

அவள் தரையில் தடவி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"கழட்டாதம்மா," என்றது குரல். "இதுலதான் நான் பேசுறது உனக்குக் கேக்குது. இரு, முதல் நாள்லேருந்து சொல்றேன்."