கிட்டாருக்கு அடியில் ஒரு குரல்

மகிழினி செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலை, பாட்டுக்கு அதிரும் தேக்குப் பலகைமேல் வைத்தாள். காலையிலிருந்து இது பதினேழாவது பாட்டு.

ஒரு பாட்டு எந்த வகை ராக் என்று முத்திரை இடும் வகையர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். காதுக்கு முன்னால் காலுக்கு வந்துவிடும் சேதிகள் உண்டு. பேஸ் கிட்டார் முந்திக்கொண்டு குதிகாலைத் தட்டினால் போஸ்ட் பங்க். சரணத்தில் பம்மிக் கிடந்துவிட்டுப் பல்லவியில் பலகையை உதைத்தால் கிரஞ்ச். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நிதானமாக மூச்சு விட முடிந்தால் ஸ்லோகோர்.

பதினேழாவது பாட்டு இந்த மூன்றில் எதுவும் இல்லை. திரையில் இயந்திரம் கையை விரித்திருந்தது. ஷூகேஸ் ஐம்பது, ட்ரீம் பாப் ஐம்பது. இப்படிச் சமன் விழும்போது முடிவு சொல்லத்தான் இசைவகை ஆணையம் ஒரு மனிதக் காதை வேலைக்கு வைத்திருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் நிதின். எழுபத்தொரு வயது. பெரம்பூரிலிருந்து மெட்ரோ பிடித்து வந்திருந்தார். பாட்டில் கிட்டார் வாசித்தவர் அவர். பாடியவர் அவர் மனைவி மோனிஷா. அவள் இறந்து நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் குரல் என்று அவரிடம் மிஞ்சியிருப்பது இந்த நான்கரை நிமிடம்தான்.

அதுவும் மாலை நான்கு மணி வரைதான். அப்போது மணி மூன்று இருபது.

பதினெட்டு வருடம் முன்பு இயந்திரங்கள் நொடிக்கு லட்சம் பாட்டு என்று பெற்றுத் தள்ளி, உலகத்தின் சேமக்கிடங்குகளை நிரப்பிவிட்டன. பிறகு சட்டம் வந்தது. வகை உள்ள பாட்டு இருக்கும், வகை இல்லாதது அழியும். வீட்டில் ஒளித்து வைத்தாலும் வலையமைப்பு மோப்பம் பிடித்து அழித்துவிடும். பழைய பதிவுகளுக்குக் கடைசிக் கெடு இன்றைக்கு.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் நிதின். "நாங்க அப்ப எல்லாத்தையும் ஆல்டர்நேட்டிவ்னு சொல்லிட்டுப் போயிடுவோம்."

"ரெண்டுலயும் கிட்டார் புகை மாதிரி பரவும் சார். ஷூகேஸ்ல பாடறவங்க புகைக்குள்ள இருப்பாங்க. ட்ரீம் பாப்ல புகைக்கு மேல நிப்பாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

அவ்வளவுதான் என்று சொன்னாளே தவிர, அது அவ்வளவோடு முடிவதில்லை. முத்திரை விழுந்ததும் பாட்டு சீர்மானி என்ற இயந்திரத்துக்குப் போகும். வகையின் இலக்கணத்துக்குப் பொருந்தாததை அது செதுக்கி எறியும். ஷூகேஸ் என்றால் குரலை இன்னும் ஆழத்தில் அமுக்கும். ட்ரீம் பாப் என்றால் கிட்டாரை இழைத்துச் சன்னமாக்கிக் குரலைத் தூக்கி நிறுத்தும். மூலப்பதிவு அந்த நிமிடமே அழிந்துவிடும். எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி சொன்னாள்.

நிதின் யோசிக்கவேயில்லை. "என் வாசிப்பு போகட்டும்மா. அவ குரல் இருந்தா போதும்." பிறகு, சிரிப்பு மாதிரி ஒன்றோடு சேர்த்துச் சொன்னார். "எனக்கு அவ்ளோ சத்தமா வாசிக்கவே இஷ்டமில்ல. அவதான் ஏத்து, இன்னும் ஏத்துன்னு உசுரை வாங்கினா. ஹவுஸ் ஓனர் மேல வந்து கதவைத் தட்டிட்டாரு."

மகிழினி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். பலகை சீராக அதிர்ந்தது. கிட்டார் சுவர் மாதிரி நின்றது. குரல் அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருந்தது. சந்தேகமே இல்லை, இது ஷூகேஸ். ஒன்பது வருடத்தில் அவள் ஒரு முத்திரையைக்கூடத் தவறாக இட்டதில்லை.

கண்ணைத் திறந்தாள். பெரியவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவரைப் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரீம் பாப் என்று அழுத்தினாள்.

சீர்மானிக்கு மூன்று நிமிடம் பிடித்தது. மூலப்பதிவு நீக்கப்பட்டது என்று ஒரு வரி ஓடி மறைந்தது. அவள் ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

மோனிஷா பாடினாள்.

புகை விலகி, அறைக்குள்ளேயே வந்து நின்றதைப் போல இருந்தது குரல். நிதின் முகம் மலர்ந்தது. நாற்பத்திரண்டு வருடமாகச் சரியாகக் கேட்காத வார்த்தைகளை உதட்டால் கூடவே சொன்னார். முதல் வரி முடிந்தது.

வரியின் முடிவில் ஒரு சின்ன இருமல். விழுங்கப்பட்ட இருமல்.

இரண்டாவது வரிக்கு முன்னால் மூச்சு விசிலடித்தது. மூன்றாவதில் அவள் முகத்தை மைக்கிலிருந்து திருப்பிக்கொண்டது தெரிந்தது. பல்லவிக்கு முன்னால், முன்பு கிட்டார் பொங்கி எழுந்த அதே இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நான்கு முறை இருமினாள். பிறகு, எதுவுமே நடக்காத மாதிரி, பாடத் தொடங்கினாள். சீர்மானிக்கு இருமலும் குரல்தான். பத்திரமாகத் தூக்கி நிறுத்தியிருந்தது.

மகிழினி நிறுத்தப் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

பாட்டு முடிந்த பிறகுதான் பேசினார். பதிவு செய்தது ஜனவரியில். மே மாதம் டாக்டர், நுரையீரல் மிச்சமில்லை என்றார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். ஒரு வாரமாக என்று மோனிஷா சொன்னாள். பக்கத்தில் நின்ற நிதினும் ஆமாம் டாக்டர், ஒரு வாரமாகத்தான் என்றார். அவர் காதில் விழுந்ததும் அவ்வளவுதான்.

"சத்தமா ஏத்துன்னு அவ எதுக்குச் சொன்னான்னு இப்பதான்..." என்று ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

மணி மூன்று ஐம்பத்தொன்று. வகை கிடைக்காத பாட்டுகள் அழியத் தயாராகிக்கொண்டிருந்தன. இது அழியாது. அடுத்த நூறு வருடம் யார் கேட்டாலும் இப்படியேதான் கேட்கும்.

"அந்தக் கிட்டாரைத் திரும்பப் போட முடியுமாம்மா?"

"முடியாது சார்." உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்து, விட்டுவிட்டாள். இது ஷூகேஸ்தான், எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மாற்றினேன்.

"சரி. இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருமல் வரும் இடம் அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. அதற்கு அரை நொடி முன்னால் இடது கை விரல்கள் காற்றில் ஒரு தந்தியை அழுத்தின. வலது கை, கிட்டாரை மீட்டுவதைப் போல, மேசை விளிம்பின் மேல் ஓங்கி வீசியது. ஒவ்வொரு இருமலுக்கும், ஒன்றுவிடாமல்.

மகிழினியின் வெறுங்கால் பலகை மேலேயே இருந்தது. பலகை அதிரவில்லை.